பொருள்: தங்கள் மீது புகார்

ஜூன் 6

அனுப்புநர்: நாத்தனார், மாடி அறை.
பெறுநர்: அண்ணி, அண்ணன் வீடு.
பொருள்: தங்கள் மீது புகார்.

மதிப்பிற்குரிய அண்ணி,

வணக்கம். உங்களோடு இனி பேசமாட்டேன் என்று போன வாரம் போனில் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

இதையும் நானாக எழுதவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் பெயர் பதிந்துவிட்டீர்களே, அந்தப் பயிற்சி மையத்தில் எழுதச் சொன்னார்கள். வேலை போனவர்களுக்கு அங்கே முதல் பாடமே கடிதம்தான். புகார்க் கடிதம், விலகல் கடிதம், நன்றிக் கடிதம் என்று ஒவ்வொன்றாக வருமாம். கற்பனையாக எழுதினால் டீச்சருக்குப் பிடிக்காது. நிஜமான ஆளுக்கு நிஜமாகத் தபாலில் போட வேண்டும். வந்த பதிலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பதில் வராவிட்டால் பாதி மதிப்பெண்தான். "யார் மேலயாவது உங்களுக்கு உண்மையான புகார் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

சோப்பு கம்பெனி மூடியது என் தப்பா? பேக்கிங் பிரிவில் இருந்த எல்லோரையும்தான் அனுப்பினார்கள். வேறு வேலை நானே தேடிக்கொள்ள மாட்டேனா? அது போகட்டும். மையத்துக்குப் போன் செய்து, "என் நாத்தனார் எட்டாவது ஃபெயில், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். முதல் நாள் டீச்சர் அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். அண்ணி, நான் எட்டாவது பாஸ். ஒன்பதாவதுதான் ஃபெயில். ஊர் பூராவும் தெரிய வேண்டுமென்றால் உண்மையாவது தெரியட்டும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பின்னறை காலியாக இருக்கிறது. வேலை இல்லாவிட்டால் வந்து தங்கு என்று அண்ணன் சொன்னார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் நீங்கள் என் பெயரைப் பதிந்துவிட்டீர்கள். நான் அங்கே வந்து உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதானே? நேராகச் சொல்லியிருக்கலாம்.

தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(இது படிவத்தில் இருப்பதால் எழுதுகிறேன்)
நாத்தனார்.


ஜூன் 12

அனுப்புநர்: அண்ணி.
பெறுநர்: எட்டாவது பாஸ் நாத்தனார்.
பொருள்: புகார் தள்ளுபடி.

அருமை நாத்தனாரே,

உன் புகார் வந்தது. உன் அண்ணன் கையில்தான் முதலில் கிடைத்தது. "பொருள்" என்று மேலே பார்த்துவிட்டு ஏதோ பார்சல் வந்திருக்கிறது என்று வாசல் பக்கம் போய்த் தேடினார். இந்த மனிதரோடு நான் குடும்பம் நடத்துகிறேன். அதற்கே எனக்கு ஒரு சான்றிதழ் தர வேண்டும்.

எட்டோ ஒன்பதோ, நீ ஃபெயில் ஆனபோது நான் இந்தக் குடும்பத்தில் இல்லை. உன் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். புகாரை அவர் பக்கம் திருப்பிவிடுகிறேன்.

பதில் வராவிட்டால் பாதி மதிப்பெண் என்றாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். என் மேல் கோபித்துக்கொண்டு மதிப்பெண்ணையும் இழந்தாய் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக் கூடாது பார். டீச்சரிடம் என் கையெழுத்தைக் காட்டு. பதினேழு வயதில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

பின்னறையில் உன் அண்ணன் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்.

வகுப்பு எப்படி இருக்கிறது? அதை எழுது.

அண்ணி.


ஜூன் 21

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

சைக்கிள் விஷயம் புரிந்தது. புரியாமல் இருக்க நான் ஒன்றும் குழந்தை இல்லை.

உங்கள் பதிலுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. "உங்க அண்ணி எழுத்து முத்து முத்தா இருக்கே" என்று டீச்சர் சொன்னார். மதிப்பெண் எனக்கு, பாராட்டு உங்களுக்கு. எங்கே போனாலும் இதுதான் நடக்கிறது.

கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் அடித்து முடித்தால் 'சேமி' என்று ஒரு இடத்தில் அழுத்த வேண்டும். சம்பளம் நின்றுபோய்க் கிடக்கிறவளைப் பார்த்து ஒரு பெட்டி சேமி, சேமி என்கிறது. நல்ல நேரம் பார்த்தது போங்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு கிரேன்காரர். கட்டடக் கம்பெனி நொடித்துப்போனதால் வந்தவர். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து இரும்புத் தூண்களைத் தூக்கி வைத்தவர், மவுஸை இரண்டு கையாலும் பிடிக்கிறார். "ரொம்ப லேசா இருக்குங்க, அதான் பயமா இருக்கு" என்கிறார். அவரைப் பார்த்தால் எனக்கு என் பயம் குறைகிறது.

நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். "உங்க பலவீனம் என்ன?" என்று டீச்சர் கேட்டார். "இடது முட்டி டீச்சர். மாடிப்படி ஏறினா விண்ணுனு தெறிக்கும்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் என்ன பொய்யா சொன்னேன்?

போன் பயிற்சிதான் மோசம். இந்த அறையில் ஒருவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர். நான் "வணக்கம், யார் பேசறது?" என்றதும் கிரேன்காரர் போனைக் கீழே வைத்துவிட்டு அங்கிருந்தே சொன்னார்: "போன் வேண்டாங்க, சுவரே போதும்." கம்பெனியில் என்னை சைரன் என்று கூப்பிட்டது உங்களுக்குத் தெரியும். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவளிடம் டேப் கேட்கவே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் தினமும் என்னைத் தனியே உட்காரவைத்து மெதுவாகப் பேசப் பழக்குகிறார். அவர் முன்னால் பேசுகிறேன். வெளியே வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

கையில் இருப்பதை வைத்து ஆகஸ்ட் முடிய இந்த மாடி அறையில் தாக்குப்பிடிப்பேன். அதற்குள் வேலை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் இடம் இருக்குமா என்று கேட்க மாட்டேன்.

நாத்தனார்.


ஜூன் 28

நாத்தனாரே,

இந்தக் கடிதத்தை டீச்சரிடம் காட்டாதே. மதிப்பெண் போனால் போகட்டும்.

அன்றைக்குப் போனில் நீ கத்தியதை நான் கோபம் என்று நினைத்துவிட்டேன். ஆனால் அதற்கு முந்தின வாரம் எனக்குக் காய்ச்சல் என்று விசாரித்தாயே, அப்போதும் இதே சத்தம்தான். குளித்துக்கொண்டிருந்த உன் அண்ணன், "என்ன, சண்டையா?" என்று உள்ளே இருந்து கேட்டார். "இல்லைங்க, நலம் விசாரிக்கறா" என்றேன். ஆகவே அதில் எது கோபம், எது குரல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது பின்னறை. நீ நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். ஆமாம், நீ அங்கே வந்து தங்கக் கூடாது என்றுதான் பெயரைப் பதிந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு துணிக்கடையில் பில் போட்டவள், நினைவிருக்கிறதா? கல்யாணத்தோடு அது முடிந்தது. உன் அண்ணன் தங்கமான மனிதர். கேட்டு இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும், பஸ்ஸுக்குக் கேட்டாலும் செருப்புக்குக் கேட்டாலும், "எதுக்கு?" என்பார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அது அவர் வாயில் அப்படியே வரும். கேட்டுவிட்டுக் கொடுத்தும் விடுவார். இத்தனை வருடமாக நான் அந்த "எதுக்கு?"வுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வருகிறேன். பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். பழகவில்லை.

நீ இருபது வயதிலிருந்து உன் கைக்காசில் சாப்பிட்டவள். உன்னிடம் ஒருவர் "எதுக்கு?" என்று கேட்டால் ஒரு வாரம் தாங்குவாயா? உன்னை எனக்குப் பிடிக்காமல் இல்லை. நீ அந்த அறையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது. இந்த வீட்டில் தலை குனிய நான் ஒருத்தி போதும்.

கேட்காமல் பதிந்தது தப்புத்தான். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை.

அண்ணி.


ஜூலை 15

அனுப்புநர்: நாத்தனார்.
பெறுநர்: அண்ணி.
பொருள்: வகுப்பிலிருந்து விலகுதல்.

அண்ணி,

போன கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் எழுதவில்லை. இன்றும் தெரியவில்லை. வேறு ஒன்று நடந்துவிட்டது.

மையத்திலிருந்து என்னைக் கணக்குப் பார்க்கிற ஒரு ஆபீஸுக்கு அனுப்பினார்கள். வந்தவர்களை உட்காரவைக்க வேண்டும், போன் எடுக்க வேண்டும். சரிப்பட்டால் நிரந்தரம். அங்கே எல்லோரும் பேசுவது உதட்டோடு சரி. நாற்காலி கூட சத்தம் போடாது. முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஒருவர் போன் செய்தார். அவர் புதிதாக வாங்குகிற வீட்டுப் பத்திரத்தைப் பற்றி ஆபீஸ் பெரியவரிடம் சொல்ல வேண்டுமாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது பாடம். நானும் அவர் பெயரை முதலில் உரக்கச் சொல்லிவிட்டுப் பாடப்படி செய்தேன். "சரிங்க ஐயா! உங்க ரெண்டாவது வீட்டைப் பத்தி அவர்கிட்ட சொல்லணும், வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம், அவ்வளவுதானுங்களே?"

போன் செய்தவரின் மனைவி ஏதோ கையெழுத்துப் போட வந்து எனக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னது செங்கல் வீடுதான் அண்ணி. மனைவியின் பிறந்தநாளுக்காக ரகசியமாக வாங்கியிருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கேட்டது வேறு வீடு. அப்புறம் அங்கே நடந்ததை எழுத எனக்கு இன்னும் பாடம் நடக்கவில்லை.

பெரியவர் தன்மையாகத்தான் சொன்னார். "நல்லா வேலை செய்யறீங்கம்மா. ஆனா இது ரகசியம் பாக்கற இடம்." பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கிரேன்காரருக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது, அதைப் பார்த்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது. என் தொண்டையை வைத்துக்கொண்டு நான் எங்கே போக? நாளை முதல் வகுப்புக்குப் போகப்போவதில்லை. சைக்கிளை எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். "எதுக்கு?" என்று அவர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நாத்தனார்.


ஜூலை 19

அனுப்புநர்: அண்ணி.
பெறுநர்: நாத்தனார்.
பொருள்: விலகல் ஏற்கப்படவில்லை.

அடி பைத்தியமே,

சிரித்ததற்கு மன்னித்துக்கொள். இரண்டாவது வீடு வந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "நமக்கு ஒண்ணுக்கே ஓட்டை அடைக்க முடியலை" என்றார்.

சைக்கிளுக்கு அந்த அறை பழகிவிட்டது. வெளியே எடுக்க முடியாது.

உன் தொண்டையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேள். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தம். கல்யாண வீடு, விசேஷ வீடு எங்கே போனாலும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் பார்த்துத் தலையாட்டுவார். ஒன்றும் கேட்டிருக்காது. கேட்காதது தெரிந்துவிடக் கூடாதே என்று ஆட்டுவார். நான் பேசினாலே பாதிதான் விழும். நீ வந்துவிட்டால் மட்டும் நாற்காலியை இழுத்து உன் பக்கத்தில் போட்டுக்கொள்வார். உன்னிடம் கேள்வி கேட்பார், சண்டை போடுவார், சிரிப்பார். "அந்தப் பொண்ணு ஒண்ணுதான் முழுசா பேசுது. மத்தவங்க எல்லாம் முணுமுணுக்கறீங்க" என்று என்னைத் திட்டுவார். சாகும் மாதம் கூட, "சத்தக்காரி எப்ப வருவா?" என்று கேட்டார். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. பெற்ற மகள் பேச்சு கேட்காமல் உன் பேச்சு கேட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பொறாமை.

ஆகவே உன் குரலைக் குறை சொல்லாதே. அதைக் கேட்கக் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போ. இந்தக் கடிதத்தை டீச்சரிடம் காட்டு. பதில் வந்திருக்கிறது, முழு மதிப்பெண் போடச் சொல்.

அண்ணி.


ஆகஸ்ட் 9

அண்ணி,

தாளின் தலைப்பைப் பார்த்து மிரள வேண்டாம். 'காது மருத்துவமனை' என்று அச்சடித்த தாள்தான். எனக்குக் காதில் ஒன்றும் இல்லை. விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாங்கி டீச்சர் நின்றபடியே படித்தார். சைக்கிள் வந்த இடத்தில் சிரித்தார். உங்கள் அப்பா வந்த இடத்தை இரண்டு முறை படித்தார். எனக்கு மதிப்பெண் போடக்கூட மறந்துவிட்டு யாருக்கோ போன் செய்யப் போய்விட்டார்.

மறுநாள் இந்த மருத்துவமனைக்கு என்னை அனுப்பினார். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது, அதற்குத்தானே வருகிறார்கள். இதற்கு முன் வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் குயில் மாதிரிக் குரலாம். அவர் பெயரைக் கூப்பிட்டது தெரியாமல் பெரியவர்கள் மதியம் வரை உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம்.

டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். "உங்க பலவீனம் என்ன?" இந்த முறை முட்டியைச் சொல்லவில்லை. டீச்சர் பழக்கிய மெல்லிய குரலில், "குரல் கொஞ்சம் பெருசு டாக்டர்" என்றேன். கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா காதைக் குவித்துக்கொண்டு, "என்னம்மா சொல்ற? ஒண்ணும் கேக்கலை" என்றார். எனக்கு உங்கள் அப்பா நினைவு வந்துவிட்டது. "குரல் கொஞ்சம் பெருசுங்க தாத்தா!" என்று சோப்பு கம்பெனிக் குரலில் சொன்னேன். தாத்தா முகம் மலர்ந்துபோயிற்று. "ஆங், இப்ப கேக்குது. நல்லாத்தானே இருக்கு?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். நேற்றுதான் நிரந்தரம் என்று தாள் கொடுத்தார்கள். இனிமேல் இந்த மாடி அறையை விட்டு என்னை யாரும் கிளப்ப முடியாது.

பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்துச் 'சேமி' அழுத்துகிறேன். இப்போது அது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

உங்களோடு பேசமாட்டேன் என்றது அப்படியேதான் இருக்கிறது. தாளின் மேலே மருத்துவமனை போன் நம்பர் அச்சாகியிருக்கும். அது நோயாளிகளுக்கு. நீங்கள் கவனிக்க வேண்டாம்.

நாத்தனார்.


ஆகஸ்ட் 17

அனுப்புநர்: நாத்தனார், வரவேற்புப் பிரிவு.
பெறுநர்: அண்ணி.
பொருள்: நன்றி.

மதிப்பிற்குரிய அண்ணி,

கடிதத்துக்குக் கடிதம்தான் பதில். போன் செய்வது விதிமீறல்.

எங்கள் இடத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் கூப்பிட்டாலும் வணக்கம் சொல்ல வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அவர்கள் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது. இது தெரிந்துதான் செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா?

"வணக்கம், காது மருத்துவமனை, சொல்லுங்க" என்றேன். "என் வீட்டுக்காரருக்குக் காட்டணும்" என்று உங்கள் குரல் வந்தது. சுற்றிலும் ஆட்கள். என்ன செய்வது? "எந்தக் காதுங்க?" என்றேன். "ரெண்டும்" என்றீர்கள். "எவ்வளவு நாளா கேக்கலைங்க?" "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்றது எதுவும் கேக்கலைம்மா."

அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காது கேட்காதவர்கள் கூட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் நாம் பேசியது கணக்கில் வராது. அது வேலை.

இனி நன்றி. பெயர் பதிந்ததற்கு நன்றி. சைக்கிளை வெளியே எடுக்காததற்கும் நன்றி. உங்கள் அப்பாவை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி என்று எழுத நினைத்தேன், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊரிலும் எங்கள் மையத்தின் கிளை ஒன்று இருக்கிறதாம், டீச்சர் சொன்னார். அங்கே போன் செய்து, உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டேன். துணிக்கடையில் பில் போட்டவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். படிப்பு என்ன என்று கேட்டார்கள். எட்டாவது ஃபெயில், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

புகார் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(இந்த முறை நானாகத்தான் எழுதுகிறேன்)
நாத்தனார்.


ஆகஸ்ட் 24

அனுப்புநர்: அண்ணி, பயிற்சி மையம், முதல் வரிசை.
பெறுநர்: நாத்தனார்.
பொருள்: தங்கள் மீது புகார்.

நாத்தனாரே,

நான் பத்தாவது பாஸ். அதுவும் நல்ல மதிப்பெண். முதல் நாளே வகுப்பில் எல்லோர் முன்னாலும் எட்டாவது ஃபெயில் என்று வாசித்துவிட்டார்கள். உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

கிளம்பும்போது பஸ்ஸுக்குக் காசு கேட்டேன். உன் அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "எதுக்கு?" என்றார்.

உன் குரலில் பதில் சொன்னேன். இரண்டு காதிலும் நன்றாகவே கேட்டது. எழுந்து போய்ப் பின்னறையிலிருந்து சைக்கிளை எடுத்துத் துடைத்தார், என்னைப் பின்னால் உட்காரவைத்து மையத்து வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

பதில் எழுது. எழுதாவிட்டால் எனக்குப் பாதி மதிப்பெண்தான்.

அண்ணி.